தூக்கினால் நிற்காத சீட்டும் டிக்கியும்: கேஸ் ஷாக் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில டூரிங் பைக்குகளிலும் பெரிய ஸ்கூட்டர்களிலும் சீட்டையோ பின்பக்க டிக்கி மூடியையோ தூக்கினால் தானாக மேலே நிற்கும்படி ஒரு சின்ன கேஸ் ராடு வைத்திருப்பார்கள். கடைகளில் இதை டிக்கி ஷாக் என்பார்கள், சிலர் ஹைட்ராலிக் என்பார்கள். புதிதில் ஒரு விரலால் தூக்கினால் போதும். சில வருடம் போனதும் மூடி பாதியில் தொங்கும். அப்புறம் ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் உள்ளே துழாவ வேண்டியதுதான். சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். உப்புக்காற்று ராடின் மேல் துருப்புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும், கேஸ் வெளியே போகாமல் தடுக்கும் ரப்பர் சீலைச் சுரண்டுகிறது. சீல் போனால் கேஸும் போகும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. காசு வீணாவதும் பிளாஸ்டிக் உடைவதும் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யும் தவறுகளால்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். மூடிய குழாய்க்குள் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் ஆயில், துளை போட்ட ஒரு பிஸ்டன், அதிலிருந்து வெளியே வரும் ராடு. பிஸ்டனில் துளை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் ராடு இருக்கிற பக்கத்தில், ராடின் தடிமன் அளவுக்கு கேஸ் தள்ளுகிற பரப்பு குறைந்துவிடுகிறது. அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளும் விசை. 6 மி.மீ. ராடின் குறுக்குவெட்டு சுமார் 28 சதுர மி.மீ. உள்ளே 100 பார் அழுத்தம் இருந்தால் 280 நியூட்டன், கிட்டத்தட்ட 28 கிலோ பலம். கேஸ் கசியக் கசிய அதே கணக்கில் பலம் இறங்கும். ஆயில் எதற்கென்றால், சீலை ஈரமாக வைக்கவும், கடைசி நீட்டத்தில் மூடி ‘டங்’ என்று அடிக்காமல் மெதுவாக நிற்கவும்.

பழியை முதலில் ஷாக் மேல் போடுவது

மூடி நிற்கவில்லை என்றதும் புது ஷாக் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் ஷாக்கைக் கழற்றிவிட்டு மூடியைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கீல் கரகரவென்று இழுத்தால் நோய் அங்கே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கீலின் பின்னுக்குள் வண்டல் போய், காய்ந்து, துருவோடு இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, மூடியின் மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுத் திண்டு, அதன் மேல் கேரியர், எல்இடி விளக்கு, தடிமனான ஜெல் சீட். கம்பெனி வைத்த ஷாக் இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்து வைத்தது இல்லை.

வெயிலையும் மறக்கக்கூடாது. கேஸின் அழுத்தம் சூட்டோடு ஏறும், டிகிரிக்கு 0.34 சதவீதம் வரும். 20 டிகிரி மார்கழிக் காலையில் இருந்ததைவிட 40 டிகிரி மே மதியத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் பலம். மதியம் நின்று, விடியற்காலையில் விழுகிற மூடி என்றால் ஷாக் இன்னும் முழுசாகச் சாகவில்லை, எல்லையில் இருக்கிறது.

பலம் எவ்வளவு மிச்சம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து, ராடு முனை கீழே இருக்கும்படி ஷாக்கை நேராக நிறுத்தி, உள்ளங்கையில் துணி மடித்து மேலிருந்து அழுத்துங்கள். ராடு மெதுவாக உள்ளே போக ஆரம்பிக்கும்போது மெஷின் காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக நியூட்டன். குழாயில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டால் கதை தெரிந்துவிடும். சாய்த்து அழுத்த வேண்டாம், வழுக்கி முகத்துக்கு வரும்.

பலம் கூடினால் நல்லது என்று நினைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், செலவு வைப்பதும் இதுதான். வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், பழைய ஷாக்கைக் காட்டி, அதே நீளத்தில் ஏதோ ஒரு காரின் பின்கதவு ஷாக்கை வாங்கி வந்துவிடுகிறார்கள். நீளம் சரி, முனை சரி, மாட்டவும் மாட்டிவிடும். ஆனால் கார் கதவு இரும்பும் கண்ணாடியும் சேர்ந்தது. அதற்கான ஷாக் பல நூறு நியூட்டனில் இருக்கும். பைக் டிக்கி மூடியோ சில கிலோ பிளாஸ்டிக்.

மாட்டின அன்றைக்கு ஜோராக இருக்கும். லாக்கைத் திறந்ததும் மூடி துள்ளி எழும். குனிந்திருந்தால் தாடையில் வாங்கலாம். ஆனால் மூடியிருக்கும் நேரம் முழுக்க அந்த ஷாக் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி பகலாக. வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது மூடியின் ஓரம் மெல்ல வளையும். லாக் பக்கம் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். ஐப்பசி மழையில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி ரெயின்கோட்டே நனைந்து கிடக்கும். ஷாக்கை மூடியோடு இணைக்கும் பந்து முனையைத் தாங்கும் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் பிடித்திருந்தால் அதைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடும். சீட்டுக்கு இதே கதி நேர்ந்தால் அடித்தட்டு வளைந்து, சாவி திருப்ப சீட்டை இன்னொருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை. பலவீனமான ஷாக் தொந்தரவு தருவதோடு சரி. பலமான ஷாக் மூடியையே தின்றுவிடும்.

அதனால் குழாயில் நியூட்டன் எண் இருந்தால் அதே எண்ணை வாங்குங்கள். எண் அழிந்துபோயிருந்தால் அளந்துவிடலாம். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும், காசிமேட்டில் மீன் நிறுக்கத் தொங்கவிடுகிறார்களே அந்த மாதிரி. ஷாக்கைக் கழற்றிவிட்டு, மூடி எந்த உயரத்திலிருந்து தானாக நிற்க வேண்டுமோ அதுவரை தூக்கி, முன்ஓரத்தில் கொக்கியை மாட்டி, மூடிக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடித்துப் படியுங்கள். ஒன்றரைக் கிலோ காட்டுகிறது, கீலிலிருந்து கொக்கி 40 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 60. இப்போது ஷாக் இருக்கும் கோட்டில் ஒரு நூலைப் பிடித்து, கீலிலிருந்து அந்த நூலுக்கு நேர்குறுக்குத் தூரம், அதாவது மிகக் குறைந்த தூரம், அளக்க வேண்டும். 5 செ.மீ. என்றால், 60-ஐ 5-ஆல் வகுக்க 12 கிலோ, அதாவது 120 நியூட்டன். மேலே பத்து பதினைந்து சதவீதம் சேர்த்தால் 135 பக்கம் வரும். இரண்டு பக்கமும் ஷாக் இருந்தால் இதில் பாதி பாதி. இந்த மூடிக்கு 400 நியூட்டன் கார் ஷாக் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூடியில் கேரியர், திண்டு எல்லாம் மாட்டிக் கழற்றுகிறவர்கள், கேஸ் குறைக்கும் வால்வு வைத்த ஷாக் கிடைத்தால் அதை வாங்கலாம். கொஞ்சம் கூடுதல் பலத்தில் வரும். மாட்டிப் பார்த்து, சின்ன ஸ்க்ரூவை லேசாகத் திருப்பி, ‘சிஸ்’ என்று துளி கேஸ் விட்டு, திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். விட்ட கேஸைத் திரும்ப அடைக்க முடியாது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் போகவேண்டாம்.

பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிச்சன் அலமாரிக் கதவுக்கு 80, 100, 120 நியூட்டனில் ஷாக் கிடைக்கும். எண் பொருந்துகிறதே என்று ஆசை வரும். வீட்டுக்குள் வைக்கச் செய்த பொருள் அது, முனைகள் பிளாஸ்டிக், ராடுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு கிடையாது. அவசரத்துக்குப் பரவாயில்லை. கடலோரத்தில் நிற்கும் வண்டி என்றால், படகுகளுக்குப் போடும் 316 ஸ்டெயின்லெஸ் ஷாக் விலை அதிகமானாலும் நியாயமான செலவு.

நீளத்தைக் கண்ணளவில் எடுப்பது

பந்து முனையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும், குழாயின் நுனியிலிருந்து அல்ல. ராடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதும் முக்கியம். மூடி முழுதாகச் சாத்தியிருக்கும்போது இரண்டு பந்துகளுக்கும் இடையே இருக்கும் தூரத்தைவிட, முழுசாக அமுங்கிய ஷாக் சில மில்லிமீட்டராவது குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியை அமுக்கிச் சாத்தும்போது கீல்தான் வளையும். பந்து 8 மி.மீ.யா 10 மி.மீ.யா, மரை எம்6-ஆ எம்8-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோனால் இந்தத் தகராறே இல்லை.

மாட்டும்போது

மூடிக்கு முட்டுக் கொடுக்காமல் ஷாக்கைக் கழற்றாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும் நேரத்தில் ஒரு வீச்சு போதும், மூடி கீலோடு பின்னால் மடங்கிவிடும். பந்து முனையில் இருக்கும் ஸ்பிரிங் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினாலே முனை கழன்றுவரும். முழுசாகப் பிடுங்கினால் கிளிப் பறந்து எங்கே விழுந்தது என்று தெருவில் தேட வேண்டும்.

மூடி சாத்தியிருக்கும் நிலையில் ராடு கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் ஆயில் சீல் பக்கம் வந்து நிற்கும். தலைகீழாக மாட்டினால் முதல் நாளிலிருந்தே சீல் காய ஆரம்பிக்கும். ஜோடி ஷாக் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதிது ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம் என்று விட்டால் மூடி முறுக்கிக்கொள்ளும்.

பளபளக்கும் ராடை பிளையரால் பிடிக்கவே கூடாது. முனையைத் திருக வரவில்லை என்றால் ராடில் துணி சுற்றிப் பிடிப்பதும் நல்ல யோசனை இல்லை; முனையில் இருக்கும் தட்டைப் பகுதியில் ஸ்பேனர் போடுங்கள். அதே மாதிரி, ராடுக்கு கிரீஸ் பூசுவதும் வேண்டாத வேலை. எண்ணூர் பக்கம் பறக்கும் சாம்பலும் நிலக்கரித் தூசியும் அதில் ஒட்டி, உப்புத்தாள் போலச் சீலைத் தேய்க்கும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் போதும். வாட்டர் வாஷ் கடையில் அந்தப் பக்கம் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புது ஷாக் வரும்வரை சமாளிக்க, ராடில் வைஸ் கிரிப்பை (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் பிளையர்) கடிக்கவைத்து மூடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. மாற்றப்போகும் ஷாக்தானே என்றாலும், திடீரென்று நழுவினால் விரல் மாட்டும். மூடி திறந்திருக்கும்போது வெளியே தெரியும் ராடின் நீளத்துக்கு ஒரு பிவிசி பைப்பை வெட்டி, நெடுக்கே ஒரு கீறல் போட்டு, ராடின் மேல் சொருகுங்கள். மூடி நிற்கும். சாத்தும்போது எடுத்து டிக்கிக்குள்ளேயே போட்டுவிடலாம்.

கேஸ் அடிப்பதும், பழையதைத் தூக்கிப் போடுவதும்

“அண்ணா, புதுசு எதுக்கு, ஓட்டை போட்டு கேஸ் அட்ச்சுத் தர்றேன்” என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். டிக்கி நிற்காத ஷாக்கிலும் உள்ளே பாதி அழுத்தம் மிச்சம் இருக்கலாம். துளை போடும்போதே ஆயிலும் இரும்புத்தூளும் கண்ணுக்கு வரும். வெல்டிங் சூடு பட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் ஆக்சிஜனும் ஆயிலும் அழுத்தத்தில் ஒன்றாக இருக்கும், சூடு பட்டால் ஆபத்து. தவிர, கம்ப்ரசர் தருவது பத்து பார் பக்கம். ஷாக்குக்கு வேண்டியது அதைப்போல் பல மடங்கு.

கழற்றிய பழையதைப் பேசாமல் காயலான் கடை மூட்டையில் போட்டுவிடாதீர்கள். அங்கே கேஸ் கட்டரில் வைத்து வெட்டுவார்கள், அல்லது உலைக்குப் போகும் இரும்போடு சேர்த்துவிடுவார்கள். கையில் கொடுத்து, உள்ளே கேஸ் இருக்கிறது, சூடு காட்டாதீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். புது ஷாக் வாங்கிய கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தால் அந்த வேலையும் மிச்சம்.