சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்தாச்சு: முதல் மாதத்தை எப்படித் தாண்டுவது

தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று டாக்டர் சொல்லி, சிபாப் மெஷினும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் அடுத்த ஒரு மாதம்தான் ரொம்ப முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த சில வீடுகளில், பல ஆயிரம் கொடுத்து வாங்கிய மெஷின் கொஞ்ச நாளிலேயே பரணுக்குப் போயிருக்கிறது. கேட்டால் "எனக்கு ஒத்துக்கல" என்பார்கள். துருவிக் கேட்டால் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் கண்ணுக்குள் காற்று அடித்திருக்கும், இல்லையென்றால் வாய் வறண்டு தொண்டை கரகரத்துப் போயிருக்கும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு நல்ல வைத்தியம் பாதியில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றைப் புரிய வையுங்கள்: இது ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி, கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்புகிறது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது, அதுதான் நோய். சைக்கிள் ட்யூப்பில் காற்று இருக்கும்வரை அதன் சுவர் ஒட்டாது இல்லையா, அதே மாதிரி இந்த அழுத்தம் தொண்டையை விரித்தே வைத்திருக்கும். கொரோனா சமயத்தில் முகத்தில் மாஸ்க்கும் குழாயுமாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்த பயம் நம் ஆட்களுக்கு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "அண்ணனுக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டால் போட்டுக்கொள்பவருக்கே மனசு விட்டுப்போகும். அதனால் முதல் நாளே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

டெஸ்ட் இன்னும் எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்காது. ஆனால் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறிக்கொண்டு மூச்சு திரும்புகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர் இதெல்லாம் சேர்ந்திருந்தால், நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்கள். போகும்போது அந்தச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள், பத்து நிமிடம் விளக்கிச் சொல்வதைவிட அது உதவும். தூக்கப் பரிசோதனையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள், ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ என்று இருக்கும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம்.

வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வழியாக இரவெல்லாம் லாரி ஓட்டி, விடியக்காலை தொப்பூர் கணவாயில் இறங்குகிற டிரைவருக்கு ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகல் தூக்கம் கட்டுக்குள் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது, ஆனால் சிகிச்சை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தூக்கக் கலக்கம் நன்றாகவே குறையும்.

மெஷின் வாங்கும்போது

சாதா சிபாப் ஒரே அழுத்தத்தில் ஓடும். ஆட்டோ சிபாப் இரவில் தேவைக்குத் தகுந்த மாதிரி ஏற்றி இறக்கிக்கொள்ளும். பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வைக்கலாம். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் இல்லை. சேலத்திலும் பெங்களூரிலும் வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு. முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கம்பெனி, மாடல், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். உள்ளே இருந்த சத்தம் குறைக்கும் ஃபோம் உதிர்கிறது என்று பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரி ஒன்று சுற்றிச் சுற்றி உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது. மாஸ்க்கை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

மாஸ்க், மாஸ்க், மாஸ்க்

மெஷினுக்கு விலை விசாரிக்கிற நேரத்தில் பாதியையாவது மாஸ்க்குக்குக் கொடுங்கள். மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று, மூக்குத் துவாரத்தில் இரண்டு சின்னக் குமிழ் மாதிரி உட்காருவது ஒன்று, மூக்கு வாய் இரண்டையும் மூடுவது ஒன்று. வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்குக் கடைசி வகையைத்தான் கடைகளில் நீட்டுவார்கள். ஆனால் நிறையப் பேர் வாயைத் திறப்பதே மூக்கு அடைத்திருப்பதால்தான். அந்த அடைப்புக்கு உப்புநீர் ஸ்ப்ரேயோ டாக்டர் தரும் மருந்தோ எடுத்துச் சரிசெய்துவிட்டால் மூக்கு மாஸ்க்கே போதும், அது முகத்துக்கும் லேசாக இருக்கும்.

அளவு பார்ப்பதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்: உட்கார்ந்து போட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. படுத்தால் கன்னம் சரியும், முகத்தின் வடிவமே மாறும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, காற்று அழுத்தம் வந்த பிறகுதான் வாரை இழுக்க வேண்டும். என் பெரியப்பாவுக்கு நல்ல அடர்த்தியான மீசை. மூக்கு வாய் இரண்டையும் மூடுகிற மாஸ்க்கைப் போட்டால் மீசை வழியே புஸ்ஸென்று காற்று போகும், அவர் வாரை இன்னும் இழுப்பார், மூக்குத் தண்டில் சிவந்து புண்ணாகும், காற்று போவது மட்டும் நிற்காது. பெரியம்மாதான் ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா வாரையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து, சிலிக்கான் உறையில் காற்று நிறைந்து உப்பியதும் மெதுவாக முகத்தில் உட்கார வைத்தார். பாதி ஒழுகல் அப்போதே நின்றது. மீதிக்கு, குமிழ் வகை மாஸ்க்குக்கு மாறினார், அது மீசைக்கு மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. மீசையை எடுக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்க வேண்டி வரவில்லை.

வாருக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்குவதால் ஒழுகல் நிற்காது, உறை நசுங்கி இன்னும் அதிகமாகத்தான் போகும். மாஸ்க்கின் முன்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியே காற்று வந்துகொண்டேதான் இருக்கும், நாம் விடுகிற மூச்சு வெளியே போகிற வழி அது. அதைப் பழுது என்று நினைத்து டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள், ஆபத்து.

எண்ணெய்! படுக்கும் முன் தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் முகத்தில் மட்டும் தடவாதீர்கள். சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு மாஸ்க்கைப் போடுங்கள். தலையில் எண்ணெய் வைக்கிற பெண்கள் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டி, அதன் மேல் வாரைப் போடலாம்.

முதல் சில நாட்கள்

நேராக ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு இருங்கள். அது பழகியதும் குழாயை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். அப்புறம் வாரையும் மாட்டுங்கள். அதற்குப் பிறகு ஒரு மதியத் தூக்கம், அப்புறம் ராத்திரி. திகிலாக இருந்தால் கழற்றுங்கள், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ராம்ப் என்று ஒரு பட்டன் அல்லது செட்டிங் இருக்கும், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சில பேருக்கு ஆரம்ப அழுத்தம் 4 என்பது காற்றே போதவில்லை என்று மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அப்படியானால் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

நடு இரவில் தெரியாமலே கழற்றி வீசியிருப்பீர்கள், ஆரம்பத்தில் பலருக்கும் நடப்பதுதான். விழிப்பு வந்தால் மறுபடி போட்டுக்கொண்டு படுங்கள். ஒரு ராத்திரிக்குக் குறைந்தது 4 மணி நேரம் என்பது ஆரம்பப் படி, தூங்குகிற நேரம் முழுக்கப் போடுவதுதான் இலக்கு. மதியம் அசந்தாலும் போட வேண்டும்.

வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம். ராத்திரிச் சாப்பாட்டை முன்னாடியே முடித்து, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் அழுத்தத்தைத் திருத்த வேண்டியிருக்கும். குடிப்பழக்கம் இருந்தால் படுக்கும் முன் வேண்டவே வேண்டாம், தொண்டையை அது இன்னும் தளர்த்திவிடும். தூக்க மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தண்ணீர், கரண்ட், பாய்

காற்றை ஈரமாக்கி வாயும் தொண்டையும் வறளாமல் பார்த்துக்கொள்கிற பகுதிதான் ஹ்யூமிடிஃபையர். அதன் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும், ஃப்ளோரைடுக்குப் பயந்துதானே இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். மெடிக்கலில் கேளுங்கள், பேட்டரிக்கு ஊற்றுவதை வாங்கி வராதீர்கள். தினமும் காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காய வையுங்கள்.

மார்கழி, தை மாதத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் குளிரில் குழாய்க்குள்ளேயே நீர் கோத்து, மூக்கில் சொட்டுச் சொட்டாக விழும். ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் பழைய துணியை உறை மாதிரி தைத்துச் சுற்றுங்கள். தர்மபுரி வெயில் காலத்தில் நேர்மாறு, சூடு கூட்டாமல் வைத்தாலே போதும்.

மெஷின் உங்கள் தலை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தொட்டித் தண்ணீர் குழாய் வழியே மாஸ்க்குக்கு வராமல் இருக்க. கட்டிலில் படுப்பவருக்குச் சின்ன ஸ்டூல் சரி. பாய் போட்டுத் தரையில் படுக்கிறவர்கள் என்ன செய்வது? மெஷினைத் தலைமாட்டில் ஸ்டூல் மேல் தூக்கி வைக்காதீர்கள். தூசிக்காக ஒரு மணைப்பலகை போட்டு அதன் மேல் சமமாக வைத்து, உங்கள் தலைக்குக் கீழே கெட்டித் தலையணை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. பகலில் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள், எறும்பும் கரப்பானும் நுழையும்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், மாஸ்க்கில் மூச்சுக்கு வழி இருக்கும், ஆனால் மெஷின் ஓடாமல் மாஸ்க்கைப் போட்டபடியே தூங்காதீர்கள், கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் வாங்குவதானால் ப்யூர் சைன்வேவ் வகையாகப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹ்யூமிடிஃபையர் சூட்டை அணைத்து வைத்தால் பேட்டரி வெகுநேரம் தாங்கும், கரண்ட் தின்பது அந்தச் சூடுதான்.

மாஸ்க் உறையைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனை இல்லாத லேசான சோப்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அந்த நெடியைத்தான் ராத்திரி முழுக்க மூச்சில் இழுப்பீர்கள். கிரானைட் குவாரி, கிரஷர் பக்கத்தில் வீடு என்றால் ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும் என்று இருக்காதீர்கள், சாம்பல் நிறமாகத் தெரிந்ததுமே மாற்றுங்கள்.

எண்களைப் பாருங்கள்

காலையில் மெஷின் திரையிலோ செல்போன் ஆப்பிலோ எத்தனை மணி நேரம் ஓடியது, மாஸ்க் ஒழுகல் எவ்வளவு, ஏஎச்ஐ எவ்வளவு என்று வரும். ஏஎச்ஐ பொதுவாக 5-க்குள் வர வேண்டும். ஒழுகல் அதிகமாக இருக்கும் நாளில் மற்ற எண்களை நம்ப முடியாது, முதலில் மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்துப் பதறாமல் ஒரு வாரத்துப் போக்கைப் பார்த்து, நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். உடல் எடை நன்றாகக் குறைந்தாலோ கூடினாலோ அழுத்தம் மாற வேண்டியிருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். எடை குறைந்து நோய் லேசாகிவிட்டது போலத் தோன்றினாலும், மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்காமல் மெஷினை நிறுத்த வேண்டாம்.

வெளியூர்க் கல்யாணம், திருவிழா, கோயில் என்று எங்கே ராத்திரி தங்கினாலும் மெஷினையும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரையும் எடுத்துப் போங்கள், மண்டபத்தில் பிளக் பாயின்ட் எப்போதும் தூரத்தில்தான் இருக்கும். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் முன்கூட்டியே உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோய் இருக்கிறது என்று சொல்லி, மெஷினையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூக்கில், மூளையில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்து சிகிச்சை எடுத்திருந்தாலோ, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.