சுங்கை சிப்புட்டிலிருந்து கிராபி கடற்கரைக்கு: காற்றைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களில் குடும்பப் பயணத்துக்கு விடுமுறைதான் பிள்ளையார் சுழி போடுகிறது. தீபாவளிக்கு நாலு நாள் சேர்ந்து வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, அறையும் மலிவாகக் கிடைக்கிறது, கிளம்பிவிடலாம் என்பார்கள். தென் தாய்லாந்துக் கடலுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. முதலில் பருவக்காற்று, அடுத்துத் தேதி, கடைசியில்தான் விலை. அங்கே அறை பாதி விலைக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் அது கடல் கொந்தளிக்கும் மாதம். படகு ஓடாத நாளில் பிள்ளைகளோடு அறைக்குள் உட்கார்ந்திருப்பதற்கு எந்த விலையும் மலிவு இல்லை.

எந்தக் கரை, எந்த மாதம்

கிராபி, புக்கெட், கோ லீப்பே எல்லாம் மேற்குக் கரை. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். சிமிலான் தீவுகளை அந்த மாதங்களில் மூடியே விடுவார்கள். பீ பீ தீவின் மாயா விரிகுடா ஆகஸ்டு, செப்டம்பரில் மூடியிருக்கும். லங்காவியிலிருந்து லீப்பேவுக்குப் போகும் படகும் மழைக்காலத்தில் நின்றுவிடும்.

கோ சமுய் கிழக்குக் கரை. அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை, நவம்பரில் ரொம்பவும் கடுமை. நம் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளை ஆண்டுக் கடைசியில் மூடவைக்கிற அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. பெர்ஹெந்தியான் மூடியிருந்தால் சமுய் பக்கம் போகாதீர்கள்.

இதை நம் விடுமுறைகளோடு பொருத்திப் பாருங்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வரும் பள்ளி விடுமுறைக்குச் சமுய் நல்லது, கிராபி ஆபத்து. தீபாவளிக்குக் கிராபி போகலாம். ஆனால் பண்டிகை அக்டோபர் நடுவிலேயே வந்துவிட்டால் மழை முழுசாக விட்டிருக்காது, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாக எடுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு சமயம் கிராபிக்கு மிகச் சிறந்த கடல். விலையும் உச்சியில் இருக்கும், மூன்று மாதம் முன்பே பதிய வேண்டும்.

தேதி குறிக்கும்போது சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். கிராபியின் நான்கு தீவுப் பயணத்தில் தாலே வேக் என்ற மணல்திட்டு தீவுகளை இணைத்துக்கொண்டு மேலே வரும், நடந்தே கடக்கலாம். அதைப் பார்க்க அந்த நாட்கள்தான் ஏற்றவை. அதே நாட்களில் கிராபியின் ரைலே கடற்கரையில் கிழக்குப் பக்கம் வெறும் சேறாகிவிடும். படகு தூரத்திலேயே நின்றுவிட, பெட்டியைத் தலையில் வைத்துச் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். ரைலேவுக்குச் சாலை கிடையாது, படகுதான். வயதானவர்கள் கூட வந்தால் பக்கத்து ஊரான ஆவ் நாங்கில் தங்கி, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போய்த் திரும்புவதே நல்லது.

கடப்பிதழும் பெயரும்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். எல்லைப் பாஸ் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தாய்லாந்தின் எல்லையோர மாநிலங்களுக்கு மட்டும், கிராபிவரை செல்லாது. வீட்டில் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. அறை பதிந்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்ட பிறகு பாட்டியை மட்டும் விட்டுப்போவது எல்லோருக்கும் வேதனை. ஆகவே முதல் நாளே குடிநுழைவுத் துறையில் விசாரியுங்கள். வருமான வரி பாக்கி, திவால் வழக்கு உள்ளவர்களுக்குப் பயணத்தடை இருக்கலாம். அதே துறையின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிடிஏசி என்ற மின்னியல் வருகை அட்டை கட்டாயம். வந்துசேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் அரசாங்கத் தளம் அல்ல; முகவரி ‘ஜிஓ டாட் டிஎச்’ என்று முடிகிறதா பாருங்கள். வருகிற கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வையுங்கள், எல்லையில் இணையம் திணறும்.

நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெயர். கடப்பிதழில் உள்ள ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்பவற்றின் சாய்கோட்டை விமான டிக்கெட் தளங்கள் ஏற்பதில்லை. சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ளபடியே அடியுங்கள். சொந்தப் பெயர் முதற்பெயரில், தகப்பன் பெயர் குடும்பப் பெயரில். டிக்கெட்டில் ஒரு மாதிரி, டிடிஏசியில் ஒரு மாதிரி என்று மாற்றினால்தான் கவுண்டரில் கேள்வி வரும்.

போகும் வழி

காரில் போனால் சுங்கை சிப்புட்டிலிருந்து எல்லை ஊரான புக்கிட் காயு ஹீத்தாம் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து ஹாட்யாய் ஒரு மணி, ஹாட்யாயிலிருந்து கிராபி நாலு மணிக்கு மேல். எல்லையில் நிற்கும் நேரம் தனி. பொதுவிடுமுறைக்கு முந்தின மாலை அங்கே போகவே கூடாது. விடியற்காலை கிளம்பினால் பிழைத்தீர்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் இருப்பதையும் படகு நேரம் பார்க்கும்போது மறக்கக் கூடாது.

காருக்குத் தாய்லாந்துக் காப்புறுதி கட்டாயம். எல்லைக்கு முந்தைய சாங்லூன் ஊர்க் கடைகளிலேயே அதையும் வாங்கி, எல்லைப் பாரங்களையும் தட்டச்சு செய்து வாங்கிக்கொள்ளலாம். கெரான் (வாகன உரிமைப் பத்திரம்) நகல் வேண்டும். கெரான் அண்ணன் பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால் அவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். அது இல்லாமல் எல்லைவரை போய்த் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. தாய்லாந்துச் சுங்கத்தில் கொடுக்கும் வாகனத் தாளைத் தொலைக்காதீர்கள். திரும்பும்போது ஒப்படைக்காமல் வந்தால் அபராதம்.

கார் வேண்டாம் என்றால் ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார் போய், அதே நிலையத்தில் குடிநுழைவு முடித்து, ஹாட்யாய் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து வேனில் போகலாம். ஊரில் வாட்சாப் குழு வழியே பணம் வசூலித்து வேன் ஏற்பாடு செய்பவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தெரிந்தவராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். உரிமமில்லாத வேன் விபத்துக்குள்ளானால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

சாப்பாடு

தாய்ச் சமையலில் மீன் சாறு இல்லாத பண்டம் அரிது; காய்கறிப் பிரட்டலில்கூட சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். மாலை போட்டவர்கள், சைவர்கள் கடையில் ‘கின் ஜே’ என்று சொல்ல வேண்டும். ஜே என்றால் தூய சைவம், வெங்காயம் பூண்டுகூட இராது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் கடை வாசலில் தொங்கும் அடையாளமும் அதுதான். புக்கெட்டில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். தைப்பூசக் காவடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

தண்ணீரில்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து பயணம் போகும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆற்றில் நன்றாக நீந்துகிறவருக்குக் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. அலைகள் வெள்ளையாக உடைகிற கரையில், நடுவே ஓர் இடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் இருண்டு, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை அங்கேதான் இறக்கிவிடத் தோன்றும். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழி அது. ஆளை இழுத்துப் போய்விடும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் நீருக்கும் இறங்கக் கூடாது.

விரைவுப் படகில் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். முதுகுவலிக்காரர்களைப் பின்னால் உட்கார வையுங்கள். கர்ப்பிணிகள் ஏறவே கூடாது. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே போட வேண்டும். குமட்டத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. பயணம் பதியும்போதே பிள்ளை அளவு மிதவைச் சட்டை உண்டா என்று கேளுங்கள். பெரியவர் சட்டை பிள்ளையின் தலைக்கு மேல் கழன்றுபோகும்.

பெட்டி இழுதுமீன் கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். புளிக்காடியை (வினிகர்) அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை நீக்கி, உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். சில கடற்கரைகளில் காடிப் புட்டி வைத்த கம்பம் நிற்கும். போனதும் அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு சிறு புட்டி பையிலேயே இருக்கட்டும்.

வெயில் களிம்பு ஒரு பெரியவர் உடம்புக்கு ஆறு தேக்கரண்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தாய்லாந்துக் கடல் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த களிம்புக்கு 2021 முதல் தடை, பவளத்தைக் கொல்கிறது என்பதால். ஜிங்க் ஆக்சைடு களிம்பு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டையே மேல்.

பணமும் தடைப் பொருளும்

நம் வங்கிச் செயலியின் டுயிட்நவ் கியூஆர் தாய்லாந்துக் கடைகள் பலவற்றில் வேலை செய்கிறது. படகுக்காரருக்கும் தீவுக் கடைக்கும் ரொக்கம் வேண்டும். தானியங்கி இயந்திரத்தில் ஒவ்வொரு முறைக்கும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் என்பதால் ஒரே தடவையில் எடுங்கள். ரிங்கிட்டா பாட்டா என்று கேட்டால் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். தீவுப் பயண விலையில் தேசியப் பூங்காக் கட்டணம் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். பீ பீக்கு அது பெரியவருக்கு 400 பாட்.

வேப் (மின்சிகரெட்) கொண்டுபோகக் கூடாது, அங்கே அது குற்றம். திரும்பும் வழியில் கடையில் விற்கிறார்களே என்று கஞ்சா மிட்டாயோ பிஸ்கட்டோ பையில் போட்டுவிடாதீர்கள். இலை படம் போட்ட எந்தப் பொட்டலத்தையும் பிள்ளைகள் வாங்கியிருக்கிறார்களா என்று ஹாட்யாயிலேயே பைகளைத் திறந்து பாருங்கள். மலேசியச் சட்டத்தில் அதற்கு மன்னிப்பு இல்லை.