பழைய பிக்கப் எத்தனை கிலோ தாங்கும்? வாங்கியதும் போட வேண்டிய கணக்கு

பழைய பிக்கப் விற்பவர்கள் எல்லோரும் "ஒன்றரை டன் வண்டி சார், ரெண்டு டன் வரைக்கும் அசால்ட்டா இழுக்கும்" என்பார்கள். என்ஜின் இழுத்துவிடும், சரி. பிரேக்கும் டயரும் பின் ஆக்சிலும் தாங்குமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. வண்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது, பொலேரோ பிக்கப்பிலேயே 1.25 டன், 1.5 டன், 1.7 டன் என்று பல மாடல்கள் வந்திருக்கின்றன.

முதலில் ஆர்.சி.யை எடுங்கள். வெறும் வண்டியின் எடை அன்லேடன் வெயிட் என்றும், லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை ஜி.வி.டபிள்யூ. அல்லது லேடன் வெயிட் என்றும் இருக்கும். முன் ஆக்சில், பின் ஆக்சில் எடை தனித்தனியாகப் போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ரொம்ப உதவும். எழுத்து அழிந்துபோன ஆர்.சி. என்றால் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் கழித்து வருவதுதான் லோடு என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி அன்லேடன் வெயிட்டில் டிரைவர், கிளீனர் எடை சேராது. அதோடு பழைய வண்டியில் யாராவது பாடியை உயர்த்தியிருப்பார்கள், தரைக்கு இரும்புத் தகடு அடித்திருப்பார்கள், கேபின் மேல் கேரியர் வைத்திருப்பார்கள், அது எதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்காது.

அதனால் எடைமேடைக்குப் போங்கள். டேங்க்கை நிரப்பி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எல்லாம் வழக்கம்போல இருக்க, கூட வரும் ஆளையும் உட்காரவைத்து முழு வண்டியையும் ஒரு தடவை எடை போடுங்கள். அப்புறம் முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டி வெளியே நிற்கும்படி வண்டியை நகர்த்தி, பின் சக்கரங்களின் எடையை மட்டும் தனியாகக் கேளுங்கள். மேடையும் வெளித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சரிவாக இருந்தால் எண் தப்பாக வரும்.

உதாரணத்துக்கு ஜி.வி.டபிள்யூ. 2,950, அன்லேடன் 1,650 என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 1,300 கிலோ ஏற்றலாம். மேடையில் 1,840 காட்டினால் மிச்சம் 1,110தான்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், டயரைப் பாருங்கள். பழைய வண்டியில் கம்பெனி போட்ட டயரே இருக்கும் என்று நம்ப முடியாது. பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 104/102 எஸ் என்பது போல இருக்கும். பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான் என்றால் முதல் எண் உங்களுக்கு. 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 100 என்றால் 800, 95 என்றால் 690, அதுவும் அந்த டயருக்குச் சொன்ன காற்று முழுசாக இருந்தால்தான். விலை குறைவு என்று யாரோ 100 போட்ட டயரை மாட்டியிருந்தால் பின்னால் இரண்டும் சேர்ந்து 1,600. வெறும் வண்டியிலேயே பின் சக்கரத்தில் 800 இருந்தால், பின்பக்கம் இன்னும் 800தான் தாங்கும். பிக்கப்பில் லோடு பெரும்பாலும் பின் ஆக்சில் மேல்தான் விழுகிறது, ஆகவே 1,110ஐ மறந்துவிடுங்கள். ஆர்.சி., பின் ஆக்சில், டயர் என்று எது குறைவோ அதுதான் உங்கள் வண்டியின் அளவு.

பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருக்கிறது, தாங்கும் என்பார்கள். பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக், பேரிங், ஆக்சில் ஹவுசிங், சேசிஸ் எல்லாம் அதே பழசுதான். சொல்லப்போனால் கூடுதல் பட்டை பார்த்தாலே சந்தேகப்படுங்கள், முன்பு ஓவர்லோடு அடித்த வண்டியாக இருக்கலாம். கேபினுக்குப் பின்னால் சேசிஸிலும், பட்டை தொங்கும் பிராக்கெட் பக்கத்திலும் டார்ச் அடித்து விரிசல், வெல்டிங் தழும்பு, செதில் செதிலாக உதிரும் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை எந்தக் கணக்கும் செல்லாது.

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று அபராதம் இருக்கிறது. எனக்கு அதைவிட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதுதான் பயம். முதல் முழு லோடு ஏற்றிய அன்றே மறுபடி பின் சக்கர எடையைப் போட்டுப் பாருங்கள், அளவு தாண்டினால் கனமான சரக்கைக் கேபின் பக்கம் தள்ளி அடுக்குங்கள், அப்படியும் இறங்கவில்லை என்றால் மூட்டையைக் குறையுங்கள்.