ஃப்ளாட் வாங்கும்போது ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்: பலரும் செய்யும் தவறுகள்

சென்னையில் ஃப்ளாட் வாங்குகிறவர்கள் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவார்கள், ஜோசியரிடம் வாசல் திசையைக் கேட்பார்கள், மாமனாரை ஒருமுறை கூட்டிப்போய் ஹாலின் நடுவில் நிறுத்துவார்கள். சில வருடங்களாக இந்த வரிசையில் ஹோம் இன்ஸ்பெக்டரும் சேர்ந்திருக்கிறார். டார்ச், ரசமட்டம், சுவரின் ஈரத்தை அளக்கும் மீட்டர், தெர்மல் கேமரா, டைல்ஸ் தட்டிப் பார்க்க ஒரு குச்சி என்று ஒரு பையோடு வருகிறார். சில மணி நேரம் வீட்டைச் சுற்றுகிறார். படங்கள் நிறைந்த தடிமனான ரிப்போர்ட் ஒன்று ஓரிரு நாளில் மெயிலில் வருகிறது.

நல்ல விஷயம்தான். நானும் பணம் கொடுத்து எடுத்தேன், இன்னொரு வீடு வாங்கினாலும் எடுப்பேன். ஆனால் அவர் எதைப் பார்க்கிறார் என்று நாமாக ஒரு கற்பனை வைத்திருக்கிறோம் பாருங்கள், பாதிச் சண்டை அங்கிருந்துதான் வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற, கை எட்டுகிற இடங்கள் அன்றைய தேதியில் எப்படி இருக்கின்றன என்பதை எழுதித் தருவதுதான் அவர் வேலை. நாளைக்கு என்ன ஆகும் என்பதும், சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதும் அதில் சேராது.

“பேங்க்லயே இன்ஜினீயர் வந்து பாத்துட்டாரு சார்”

பேங்க் அனுப்புகிறவர் வேல்யூவர். நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் போனால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. பரப்பளவு, யுடிஎஸ் (நிலத்தில் அந்த ஃப்ளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு), கட்டடத்தின் வயது, அந்தத் தெருவில் சதுரடி என்ன விலை போகிறது என்று பார்ப்பார். பாத்ரூம் குழாயைத் திறந்து, தண்ணீர் தரையிலிருந்து வெளியேறும் ஓட்டையான ட்ராப்பை நோக்கி ஓடுகிறதா என்று அவர் பார்த்து நான் கண்டதில்லை. அவர் கையெழுத்துப் போட்டது பேங்கின் நிம்மதிக்காக.

மே மாதத்தில் பார்த்த வீடு

என் சொந்தத் தவறு இது. மடிப்பாக்கத்தில் பழைய ஃப்ளாட் ஒன்றை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுத்தது மே மாதக் கடைசியில். கத்திரி வெயிலில் காய்ந்து கிடந்த சுவர். தெர்மல் கேமராவைத் திருப்பிய இடமெல்லாம் ஒரே நிறம். “லீக்கேஜ் இல்லை” என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நவம்பரில் மூன்று நாள் தொடர்ந்து பெய்த மழையில் பெட்ரூமின் மேற்கு மூலையில் ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்தது.

கோபத்தோடு ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினால், ஐந்தாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: மழை இல்லாத காலத்தில் பார்க்கப்பட்டது, வெளிச்சுவர் கசிவைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது. நான் படங்களை மட்டும் பார்த்திருந்தேன்.

தெர்மல் கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே இல்லை. சுவரின் மேற்பரப்பில் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று நிறமாகக் காட்டும் கருவி. ஈரமான இடத்தில் நீர் ஆவியாகும்போது அந்த இடம் கொஞ்சம் குளிரும், அதனால் பிடிபடும். ஈரமே இல்லாத நாளில் அது எதைக் காட்டும்?

கோடையில் பார்ப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால் தண்ணீரை நாமே வரவழைக்க வேண்டும். பாத்ரூம் ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கைப் போய்ப் பார்ப்பது பழைய முறை, இன்றைக்கும் அதை மிஞ்சியது இல்லை. கடைசி மாடி என்றால் மொட்டை மாடியிலும் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனில் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்க வேண்டும், ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர் கட்ட விற்பவர் சம்மதிக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரரும் கதவைத் திறக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் உற்சாகமாகத் திறந்துவிட்டால் கொஞ்சம் யோசியுங்கள், அவர் பல வருடமாக இதற்காகவே காத்திருக்கலாம்.

தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதும் ரிப்போர்ட்டில் வராது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை.

இடிக்க மாட்டார், நகர்த்தவும் மாட்டார்

கட்டிலை நகர்த்துவது, மாடுலர் கிச்சன் அலமாரியைக் கழற்றுவது, ஃபால்ஸ் சீலிங்கில் ஓட்டை போடுவது எல்லாம் இன்ஸ்பெக்டரின் வேலைக்குள் வராது. வீடு இன்னும் விற்பவருடையது, அவர் விடவும் மாட்டார். ஆகவே பாத்ரூமின் சங்கன் ஸ்லாப்புக்குள் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) போகும் குழாய், சுவருக்குள் புதைந்த கன்சீல்டு பைப், வயர் போகும் கான்ட்யூட் குழாய்க்குள் ஒட்டுப்போட்ட வயர் எதையும் அவர் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் டெஸ்டர் செருகி எர்த் வருகிறதா என்று பார்ப்பார். ஸ்விட்சுகள் இருக்கும் டிபி பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பார்ப்பார். கரையான் விஷயமும் இப்படித்தான். சுவரில் மண்கோடு ஓடினால் சொல்வார், லாஃப்ட்டின் மரச்சட்டத்துக்குள் அது தின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது.

வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசாக மினுமினுத்தால் அந்தச் சுவரைப் பற்றி விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். பார்க்க முடியாமல் போன இடங்களை ரிப்போர்ட்டில் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அந்தப் பட்டியலே இல்லாத ரிப்போர்ட்டைத்தான் நான் நம்ப மாட்டேன்.

“பில்டிங் ஸ்ட்ராங்கா, அதை மட்டும் சொல்லுங்க”

எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒரு பார்வையில் பதில் சொல்ல முடியாத கேள்வியும் இதுதான்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே அதன் ஜோடியாக நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், மண் எவ்வளவு தாங்கும், கம்பி எத்தனை போட்டார்கள் என்பதெல்லாம் முடிந்த வீட்டின் ஹாலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மண் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங் இரண்டையும் பில்டரிடம் கேட்டு வாங்கி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுவது தனி வேலை, தனி ஃபீஸ்.

சிலர் ரீபவுண்ட் ஹேமர் என்கிற ஸ்பிரிங் சுத்தியலைத் தூணில் அழுத்தி எண் எடுத்து எழுதித் தருவார்கள். பார்க்க பெரிய பரிசோதனை மாதிரி இருக்கும். அது காட்டுவது கான்கிரீட் மேற்பரப்பின் கடினத்தை. அதிலிருந்து உள்ளே இருக்கும் பலத்தைக் கணித்தால் 25 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம் என்று இந்தியத் தரக் குறியீடே சொல்கிறது. சந்தேகம் பலமாக இருந்தால் ஒலி அலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசானிக் சோதனை, அதற்கு மேல் கான்கிரீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கும் கோர் கட்டிங் என்று போக வேண்டும்.

விரிசல்களில்தான் நல்ல இன்ஸ்பெக்டரின் அருமை தெரியும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் பூச்சில் இருந்தால் அது பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தது. பட்டி வைத்தால் முடிந்தது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் கோடு, இரண்டும் வேறு வேறு பொருள் என்பதால் வருகிறது. இதுவும் ரொம்பப் பயப்படும்படி இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு பக்கம் அகன்று கொண்டே போகும் விரிசல் வேறு ஜாதி. அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குகிறதா என்று கேட்க வைக்கும். பீமின் அடியில், கம்பி போகும் நீளத்துக்கே ஓடுகிற விரிசல், அதில் பழுப்புக் கறை இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், உள்ளிருந்து நெட்டித் தள்ளி கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக்காற்று படும் பழைய கட்டடங்களின் பால்கனி ஸ்லாப்பை அண்ணாந்து பாருங்கள், கம்பி வெளியே தெரியும் வீடுகளுக்குப் பஞ்சமிருக்காது.

இன்ஸ்பெக்டர் இந்த இடத்தில் “ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைப் பார்க்கவும்” என்று எழுதினால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று சலித்துக்கொள்கிறார்கள். குடும்ப டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு இதய டாக்டரிடம் அனுப்பினால் நாம் சலித்துக்கொள்வதில்லை.

வக்கீலுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் விழுவது

வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இதெல்லாம் வக்கீலின் மேஜை. அதை இன்ஸ்பெக்டர் தொட மாட்டார் என்று பலருக்கும் தெரியும். தெரியாதது வேறு. வக்கீல் ப்ளானைப் பார்ப்பார், வீட்டைப் பார்க்க மாட்டார். இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்ப்பார், ப்ளானைப் பார்க்க மாட்டார். இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க ஆளே இருப்பதில்லை. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே விட்ட ஸ்டில்ட் பார்க்கிங்கை மறித்து எழுப்பிய ரூம், பால்கனியை இழுத்து ஹாலோடு சேர்த்தது, அனுமதியே இல்லாமல் மொட்டை மாடியில் ஏறிய கூடுதல் வீடு எல்லாம் இந்த இடைவெளியில்தான் நழுவுகின்றன. அனுமதி பெற்ற ப்ளானின் நகலை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து, ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கார்ப்பெட் ஏரியாவையும் (வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு) அவரே அளக்கட்டும். வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டமான ரேராவின்படி அதில் உள்தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் சேராது.

பொது இடங்களும் வழக்கமாக வெளியேதான்: சம்ப், போர்வெல், கழிவுநீர் சுத்திகரிப்பு, லிஃப்ட். லிஃப்டுக்குத் தமிழ்நாட்டில் 1997 சட்டத்தின்படி உரிமம் வேண்டும், அதை அசோசியேஷனிடம் கேட்டுப் பாருங்கள். போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்ப்பது நம் செலவு.

யாரை, எப்போது கூப்பிடுவது

நம் ஊரில் ஹோம் இன்ஸ்பெக்டருக்கென்று அரசு உரிமம் கிடையாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் உரிமம் கட்டாயம். அங்கிருக்கும் மச்சான் அனுப்பும் செக்லிஸ்ட்டை இங்கே நீட்டுவதிலும் பயனில்லை, முதல் பக்கத்திலேயே ஃபர்னஸ் (குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வந்துவிடும். ஆகவே சிவில் படித்தவரா என்று கேளுங்கள், பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். புரோக்கர் கைகாட்டும் ஆள் வேண்டாம். வாட்டர்ப்ரூஃபிங் விற்கிறவர் இலவசமாகச் செய்யும் இன்ஸ்பெக்‌ஷனில் கசிவு இல்லாத வீடு இருக்க வாய்ப்பு குறைவு.

பழைய வீடு என்றால் முழு அட்வான்ஸ் கொடுக்கும் முன், புது வீடு என்றால் சாவி வாங்கிக் கையெழுத்துப் போடும் முன். அன்றைக்கு கரண்டும் தண்ணீரும் இருக்க வேண்டும். டெம்பரரி கனெக்‌ஷனில் ஒரு பல்பு மட்டும் எரியும் புது ஃப்ளாட்டில் ஏசி லைனையோ கீசரையோ எப்படிச் சோதிப்பது? “சோதிக்கப்படவில்லை” என்று எழுதுவார், நாம் அதை “குறையில்லை” என்று படித்துக்கொள்வோம். நீங்களும் கூடவே இருங்கள். எழுதாத பல விஷயங்களை அவர் வாயால் சொல்வார்.

ரிப்போர்ட் வந்த பிறகு

நூறு குறை இருந்தால் எண்பது பெயின்ட் திட்டு, கதவு உரசல், இடுக்கில் அடைத்த க்ரவுட் பூச்சு விட்டுப்போன டைல்ஸ். அவற்றோடு கலந்து, எர்த் இல்லாத கீசர் பாயிண்ட் ஒன்று நடுவில் ஒளிந்திருக்கும். உயிருக்கு ஆபத்தானது, தண்ணீர் சம்பந்தப்பட்டது, அழகு சம்பந்தப்பட்டது என்று மூன்றாகப் பிரித்து முதல் இரண்டை மட்டும் வைத்துப் பேசினால் பில்டரும் காது கொடுப்பார். எண்பதையும் அடுக்கினால் அவர் தரப்பு எளிதான அறுபதை முடித்துவிட்டு “மேஜர் எல்லாம் முடிஞ்சிருச்சு சார்” என்பார்கள்.

ரேரா சட்டத்தின் 14(3) பிரிவு இங்கே உதவும். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். இந்த உரிமை உள்ளவரை ஒதுக்கீட்டாளர் என்கிறது அந்தச் சட்டம், அதற்குத் தரும் விளக்கத்தில், பின்னால் விலைக்கு வாங்கியவரும் அடங்குகிறார். கட்டி மூன்று வருடமான ரீசேல் ஃப்ளாட் வாங்குகிறவர்கள் முதல் சாவி எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைக் கேட்டு, அதற்கான கடிதத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். தேதியும் படமும் உள்ள ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புங்கள். போனில் சொன்னது சொன்னதாகாது.

பில்டர் சரிசெய்துவிட்டதாகச் சொன்னதும் மறுபார்வை ஒன்று வேண்டும். முதல் ஒப்பந்தத்திலேயே அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதற்குத் தனியாகக் கேட்பார்கள். புது ஃப்ளாட் வாங்கிய நண்பர் ஒருவர் வீட்டில், தட்டினால் அடியில் காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்ட 14 டைல்ஸ்களில் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தார். பத்து நாள் கழித்து “எல்லாம் அட்டெண்ட் பண்ணியாச்சு” என்று மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தால் தரை பளிச்சென்று இருந்தது, ஒரு குறிகூட இல்லை. குச்சியால் தட்டினோம். குறிகளைத் துடைத்திருந்தார்கள், டைல்ஸ் அதே டைல்ஸ்தான். இப்போதெல்லாம் அந்த நண்பர், குறையுள்ள இடம் சுவரிலிருந்து எத்தனை அடி என்று டேப்போடு சேர்த்துப் படம் எடுக்கச் சொல்கிறார்.