ஹாஸ்கெல் கணக்கு தப்பாக வருகிறதா? உதவி கேட்கும் முன் இதைச் செய்யுங்கள்

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்க, ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஆறு வரி நிரல் ஒன்றில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. விடை வரவேண்டிய இடத்தில் 'நேன்' என்று வந்து நின்றது. 'இது எண் அல்ல' என்பதற்குக் கணினி வைத்திருக்கும் அடையாளம் அது. பிழையைக் கண்டுபிடித்ததைவிட, அதை இன்னொருவருக்குப் புரியும்படி கேட்கக் கற்றதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹாஸ்கெல் தொகுப்பியான ஜிஎச்சி-யை நிறுவுவது, வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் அதன் ஜிஎச்சிஐ-யில் கோப்பை ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் தரவு இதுதான்: சில உணரிகள் அனுப்பும் பதிவுகளின் நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் விநாடிக் கணக்கு என்பதால், ஒவ்வொன்றும் 170 கோடியைத் தாண்டிய எண். ஒரு தொகுதியில் பதிவுகள் எவ்வளவு நெருக்கமாக வந்து சேர்கின்றன என்று பார்க்கத் திட்ட விலக்கம் தேவைப்பட்டது. பள்ளியில் படித்த சூத்திரத்தையே போட்டேன்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி, அப்புறம் வர்க்கமூலம் எடு.

படி 1: நேன் பிறந்த இடத்தைப் பிடியுங்கள்

நேன் எப்போதும் கடைசி அறிகுறி. எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தாலோ, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலோ அது பிறக்கும். அதன்பின் அதைத் தொடும் கணக்கெல்லாம் நேன் ஆகிவிடும். ஆகவே வர்க்கமூலம் எடுக்கும் வரியைத் தனியாகப் பிரித்துவிட்டு, அதற்கு முந்தைய விடையை மட்டும் பாருங்கள். எனக்கு அங்கே எதிர்ம எண் இருந்தது. வர்க்கங்களால் ஆன ஓர் அளவு எதிர்மமாக வரவே கூடாது. பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

கணக்கின் நடுவே மதிப்புகளைத் திரையில் காட்டும் டீபக்.ட்ரேஸ் பயன்படுத்தலாமே என்று பலர் சொல்வார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஹாஸ்கெல் சோம்பல் மதிப்பீட்டு மொழி. ஒரு மதிப்பு தேவைப்படும்போதுதான் அது கணக்கிடப்படும். ட்ரேஸ் வரிகளும் அப்போதுதான், நீங்கள் எழுதிய வரிசையில் இல்லாமல், திரையில் விழும். தொடக்கநிலையில் அது குழப்பத்தைக் கூட்டுகிறது. நிரலைச் சின்னச் சின்னச் சார்புகளாக உடைத்து ஜிஎச்சிஐ-யில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்ப்பதே என் விருப்பம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நேனை எந்த எண்ணோடு 'பெரிதா' என்று ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றே வரும். 'திட்ட விலக்கம் 5-ஐத் தாண்டினால் எச்சரிக்கை கொடு' என்று எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கை வரவே வராது. நேன் தனக்குத் தானே சமமும் இல்லை. ஆகவே இஸ்நேன் என்ற சார்பால்தான் சோதிக்க வேண்டும்.

படி 2: வகைக் குறிப்பை எழுதுங்கள்

ஒவ்வொரு சார்புக்கும் மேலே வகையை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஜிஎச்சி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் நினைத்தது ஒன்றாகவும் ஓடுவது வேறாகவும் இருக்கக்கூடும். பட்டியலின் நீளத்தைச் சொல்லும் லெங்த் தருவது இன்ட் என்ற முழு எண் வகை. அதை வைத்து வகுக்கும் முன் வகையை மாற்றித்தரும் ஃப்ரம்இன்டெக்ரல் போட வேண்டும். இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றுமில்லை.

படி 3: தரவைச் சுருக்குங்கள், எண்களைச் சுருக்காதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. யாரிடம் உதவி கேட்டாலும் 'சின்ன எடுத்துக்காட்டாகக் கொடு' என்பார்கள். சரியான கோரிக்கைதான், நாற்பதாயிரம் வரித் தரவை யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே என் எண்களை எளிமையாக்கி 5, 9, 11, 15 என்று நான்கை எடுத்து, வர்க்கமூலத்துக்கு முந்தைய படி வரையிலான நிரலோடு அனுப்பினேன். 'எனக்கு 13 என்று சரியாகத்தானே வருகிறது' என்று பதில் வந்தது. நானும் ஓட்டிப் பார்த்தேன், 13. பிழை காணாமல் போயிருந்தது. அன்று முழுக்க என் கோப்பு வாசிக்கும் பகுதியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே நான்கு எண்களோடு நூறு கோடியைக் கூட்டினேன்: 1000000005, 1000000009, 1000000011, 1000000015. எல்லா எண்களும் ஒரே அளவு நகர்ந்தால் பரவல் மாறாது. விடை 13 ஆகவே இருக்க வேண்டும். வந்ததோ −128.

காரணம் இதுதான். தசம எண்களை வைக்கும் டபுள் வகையில் ஓர் எண்ணுக்கு 53 பிட் துல்லியம் உண்டு. 9007199254740992 வரை எல்லா முழு எண்களையும் அது அப்படியே வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே போகப் போக இடைவெளி விழும். நூறு கோடியின் வர்க்கம் 1-க்குப் பின்னால் 18 பூச்சியங்கள். அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு நடுவே 128 இடைவெளி. அங்கே எடுத்த இரண்டு மதிப்புகளைக் கழித்தால் வித்தியாசமும் 128-இன் மடங்காகவே வரும். 13 என்ற விடை அந்த இடைவெளிக்குள் முழுவதுமாக மறைந்துபோகிறது. −128 என்பது சரியாக ஒரு படி கீழே சறுக்கியது. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் நேன்.

ஆகவே சுருக்கும்போது உறுப்புகளின் எண்ணிக்கையைப் பாதி பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் பிழை இன்னும் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். போய்விட்டால் மற்ற பாதியை எடுங்கள். எண்களின் பருமனில் மட்டும் கை வைக்காதீர்கள். தரவு ரகசியமானது என்றால் எல்லாவற்றோடும் ஒரே மாறிலியைக் கூட்டி மறைக்கலாம், ஆனால் இலக்கங்களின் எண்ணிக்கை குறையக்கூடாது, மறைத்த பிறகும் பிழை தெரிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 4: அதே சார்பை ரேஷனலில் ஓட்டுங்கள்

ஹாஸ்கெல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒன்றே போதும். உங்கள் சார்பின் வகையை டபுள் என்று பூட்டாமல் 'ஃபிராக்ஷனல் ஏ => [ஏ] -> ஏ' என்று எழுதுங்கள். வகுக்கக்கூடிய எந்த எண் வகையும் சரி என்று அதற்குப் பொருள். இப்போது ஒரு எழுத்தும் மாற்றாமல் அதையே ரேஷனல் பட்டியலோடு கூப்பிடலாம். ரேஷனல் என்பது துல்லியமான பின்னம், அதில் முழுதாக்கலே கிடையாது. என் நான்கு எண்களுக்கு 13 % 1, அதாவது 13/1, என்று வந்தது, டபுளில் −128. சூத்திரத்தை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், பிழை டபுளின் மிதவைப் புள்ளிக் கணக்கில் இருக்கிறது என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இரண்டிலும் தவறான விடை வந்திருந்தால் சூத்திரத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

ரேஷனலில் வர்க்கமூலம் எடுக்க முடியாது. படி 1-இல் அதைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், டபுளை டூரேஷனல் கொண்டு மாற்றினால் அதில் ஏற்கெனவே இருக்கும் பிசகும் கூடவே வரும்: 0.1 உங்களுக்கு 3602879701896397 % 36028797018963968 என்று தெரியும். எண்ணை நேரடியாக ரேஷனலாக எழுதினால் 1 % 10 கிடைக்கும்.

படி 5: கேள்வியை எழுதுங்கள்

கடைசியில் நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"வர்க்கங்களின் சராசரி கழித்தல் சராசரியின் வர்க்கம் என்ற சூத்திரம். இந்த நான்கு எண்களுக்கு 13 எதிர்பார்த்தேன், டபுளில் −128 வருகிறது, ரேஷனலில் 13 வருகிறது. நூறு கோடியைக் கழித்துவிட்டால் டபுளிலும் 13. ஜிஎச்சி பதிப்பும் அதற்குக் கொடுத்த தேர்வுகளும் கீழே. முழு நிரல், இம்போர்ட் வரிகளோடு, கீழே."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழித்து, அந்த வித்தியாசங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கச் சொன்னார்கள். −5, −1, 1, 5. வர்க்கங்களின் கூட்டல் 52, நாலால் வகுத்தால் 13. பெரிய எண்கள் வர்க்கமாவதே இல்லை. நிரலைப் படமாகப் பிடித்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே அனுப்புங்கள். உலாவியிலேயே நிரலை ஓட்டும் ஹாஸ்கெல் ப்ளேகிரவுண்டில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தால் இன்னும் நல்லது, பதில் சொல்பவர் எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை 1

பட்டியலை இரண்டு முறை கடப்பதால் பெரிய தரவு முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஒரே கடப்பில் முடிக்க வெல்ஃபோர்ட் என்பவர் 1962-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. எண்ணிக்கை, சராசரி, சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். புதிய எண் வந்ததும் பழைய சராசரியிலிருந்து அதன் வித்தியாசத்தை எடுங்கள். அதை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியில் சேருங்கள். பிறகு அதே வித்தியாசத்தை, புதிய சராசரியிலிருந்து உள்ள வித்தியாசத்தால் பெருக்கி வர்க்கக் கூட்டலில் சேருங்கள். முடிவில் வர்க்கக் கூட்டலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இதை, பட்டியலை ஒவ்வோர் உறுப்பாகக் கடந்து ஒரே விடையாகத் திரட்டும், மேற்கோள் குறி போட்ட ஃபோல்ட்எல் கொண்டு எழுதுங்கள். ஜிஎச்சி 9.10 முதல் அது எப்போதும் தானாகவே கிடைக்கும் ப்ரெலூட் தொகுப்பிலேயே வருகிறது, அதற்கு முன்பு டேட்டா.லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் மூன்றையும் பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டும் சாதாரண டப்பிளில் வைத்தால் ஃபோல்ட் அந்த டப்பிளின் வெளி ஓட்டை மட்டும்தான் மதிப்பிடும், உள்ளே இருக்கும் கணக்குகள் செய்யப்படாமல் குவியும், நினைவகம் ஏறிக்கொண்டே போகும். மூன்று புலங்களுக்கும், உடனே கணக்கிடு என்று சொல்லும் ஆச்சரியக்குறி போட்ட சொந்தத் தரவு வகை ஒன்றை அறிவித்தால் தீர்ந்தது.

பின்சேர்க்கை 2

'விநாடிகள் முழு எண்தானே, வர்க்கங்களை இன்ட்டில் கூட்டினால் துல்லியமாக வராதா' என்று இன்னொருவர் கேட்டார். 64 பிட் இன்ட்டின் உச்சம் 9223372036854775807. நூறு கோடியின் வர்க்கத்தைப் பத்து முறை கூட்டினாலே அதைத் தாண்டி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எதிர்மப் பக்கம் சுற்றிவிடும். உச்ச வரம்பில்லாத முழு எண் வகையான இன்டிஜர் போட்டால் துல்லியமாக வரும், வேகம் குறையும். சில ஆயிரம் வரிகள்தான் என்றால் நானும் இன்டிஜரே போடுவேன்.