பாரிஸின் இலவச அருங்காட்சியக இரவு: எங்கே சறுக்குகிறோம்?

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, பாரிஸில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மாலையில் தொடங்கி நள்ளிரவு வரைக்கும் காசு வாங்காமல் உள்ளே விடுகின்றன. 2005இல் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சு தொடங்கிய ஏற்பாடு இது, இப்போது ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நடக்கிறது. மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம் என்பதால் அதை ஒட்டிய சனிக்கிழமையைப் பிடிப்பார்கள். இதையும் நுய் பிளான்ஷையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். நுய் பிளான்ஷ் வேறு, அது தெருவெல்லாம் நவீனக் கலை வைக்கும் இரவு, 2023 முதல் ஜூன் தொடக்கத்தில் வருகிறது. செப்டம்பரில் அரசுக் கட்டடங்களைத் திறந்துவிடும் பாரம்பரிய நாட்கள் அதிலிருந்தும் வேறு.

தேதி சரியாகப் பிடித்தவர்கள் அடுத்ததாகச் செய்வது, நேராக லூவ்ருக்குப் போய் நிற்பது. தயவுசெய்து வேண்டாம். கூட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. லூவ்ரைக் காசில்லாமல் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன: ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகு எல்லோருக்கும் இலவசம், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரத் தொகுப்புகள் வருடம் முழுக்க இலவசம். பாரிஸ் மாநகரத்துக்குச் சொந்தமான பெத்தி பலே, கார்னவாலே, நவீனக் கலை அருங்காட்சியகம் இவற்றின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க யாருமே, எந்த நாளுமே டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர்களுக்குக்கூட இது தெரியாமல் இருக்கிறது, அதுதான் எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம்.

ஆகவே இந்த இரவை இலவச நுழைவுக்காகச் செலவழிக்காதீர்கள். அன்றைக்கு மட்டும் நடப்பதைத் தேடிப் போங்கள். கூடங்களுக்குள்ளேயே கச்சேரி வைப்பார்கள், நடனம் வைப்பார்கள், சில இடங்களில் விளக்கை அணைத்துவிட்டுக் கையில் டார்ச் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பள்ளிப் பிள்ளைகள் பேசுவது. 2013 முதல் ஒரு திட்டம் நடக்கிறது: ஒரு வகுப்பு தன் ஊர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படைப்பை வருடம் முழுக்கப் படிக்கும், அந்த இரவில் அந்தப் பிள்ளைகளே அதன் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்குவார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒரு ஓவியத்தைப் பற்றி அவ்வளவு உறுதியோடு பேசுவதைக் கேட்டால், கூட வந்த உங்கள் பிள்ளைக்கும் ஆசை வரும். நிகழ்ச்சி நிரல் அந்த இரவுக்கான இணையதளத்திலேயே நகரவாரியாக இருக்கும். முன்பதிவு கேட்கும் நிகழ்ச்சிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முந்தின நாள் உட்கார்ந்து தேடுவதில் பயனில்லை, ஒரு வாரமாவது முன்னால் பாருங்கள். தற்காலிகக் கண்காட்சிகளும் இலவசமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அப்புறம், ஒரே இரவில் ஊரின் நாலு மூலைக்கும் ஓடுவது. மோன்மார்த்ரில் ஒன்று, மாரேயில் ஒன்று, பிறகு சேன் நதிக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று பட்டியல் போட்டால் பாதி இரவு மெத்ரோவுக்குள்ளேயே போய்விடும். ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து நடந்தே பாருங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்வது இயேனா பக்கம், ஒன்பதாம் நம்பர் மெத்ரோ. ஏறி வெளியே வந்தால் கிமே. லியோன் தொழிலதிபர் எமில் கிமே ஆசிய மதங்களை ஆராயப் பயணம் போய்ச் சேர்த்த பொருட்களில் தொடங்கி, பாரிஸில் 1889இல் திறந்த அருங்காட்சியகம் அது. கம்போடியாவுக்கு வெளியே இருக்கும் மிகப்பெரிய கெமர் சிற்பத் தொகுப்புகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் பதினொன்றாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு நடராசர், வெண்கலத்தில். கும்பிட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். சுற்றி வந்து பாருங்கள், பின்பக்கம் விரிந்த சடையையும் தூக்கிய காலையும் எவ்வளவு யோசித்து வார்த்திருக்கிறார்கள் என்பது முன்னால் நின்றால் தெரியாது. ஃபிளாஷ் மட்டும் போடவேண்டாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நவீனக் கலை அருங்காட்சியகம், அதில் 1937 உலகக் கண்காட்சிக்காக ரவுல் தூஃபி மின்சாரத்தின் கதையை 250 பலகைகளில் வரைந்த ஓவியம், அறுநூறு சதுர மீட்டர், ஒரு கூடத்தையே வளைத்துக்கொண்டு நிற்கும். கால் வலிக்கவில்லையென்றால் தெபியி நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து கே பிரான்லி அருங்காட்சியகம். போதும், மூன்றுக்கு மேல் போட்டால் எதுவும் மனதில் நிற்காது.

இரவு என்று பெயர் இருப்பதால் ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு கிளம்புவதும் தவறுதான். மே நடுவில் பாரிஸில் சூரியன் மறைவதே ஒன்பதரை வாக்கில், சிறுவர்களுக்கான நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடும். பிள்ளைகள் இருந்தால் திறக்கும் நேரத்துக்கே போங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் பத்து மணிக்குப் பிறகு போகலாம், கூட்டம் குறைந்திருக்கும், ஆனால் எல்லா இடமும் பன்னிரண்டு வரை திறந்திருக்காது, திறந்திருந்தாலும் கடைசி நுழைவு முன்கூட்டியே முடிந்துவிடும். பெரிய பை வேண்டாம், வாசலில் பரிசோதனை இருக்கும், சூட்கேஸை உள்ளே விடவே மாட்டார்கள். சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீட்டுக்குத் திரும்புவது, புறநகர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். சனி இரவு மெத்ரோ இரண்டேகால் வரை ஓடுகிறது என்ற தைரியத்தில் இருந்துவிடுவார்கள், புறநகர் ரயிலான ஆர்.இ.ஆருக்கு அந்தச் சலுகை கிடையாது. லா கூர்னேவுக்கும் சார்செலுக்கும் போகிறவர்கள் பி, டி தடங்களின் கடைசி ரயிலை அன்றைக்கே பார்த்துவையுங்கள், இரவு வேலை நடந்தால் இன்னும் முன்னதாக நிறுத்திவிடுவார்கள். இயேனாவிலிருந்து ஸ்த்ராஸ்பூர் சன் தெனியில் நாலாம் நம்பருக்கு மாறி அந்த ரயில்கள் நிற்கும் கார் து நோர் நிலையத்துக்குப் போய்ச்சேர அரை மணி நேரமாவது வேண்டும், அதனால் பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். தவறிப்போனால் நொக்டிலியன் இரவுப் பஸ்தான், அது எந்த நிறுத்தத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.