கண்ணாடி மணிக்கு ஆக்சிஜன்: வாங்குவதும் திருகுவதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில், எல்பிஜியும் ஆக்சிஜனும் கலந்து எரியும் டார்ச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, மாலை கோக்கிற கண்ணாடி மணி செய்கிறேன். அப்பா ஆய்வகக் கண்ணாடி ஊதியவர், அதனால் டார்ச்சின் சத்தம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் முதலில் கேட்பது, "அக்கா, சிலிண்டர் வாங்கவா, கான்சன்ட்ரேட்டர் வாங்கவா?" என்றுதான். கான்சன்ட்ரேட்டர் என்பது அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம். எந்தக் கண்ணாடி, எந்த டார்ச் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த இரண்டும் முடிவானால்தான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்ல முடியும். வாங்க வேண்டியது அந்த லிட்டரைத்தான்.

மணிக்குப் பெரும்பாலும் சோடா கண்ணாடிதான் எடுக்கிறோம். இத்தாலியின் முரானோவிலிருந்து வரும் எஃபெத்ரே கம்பெனிக் குச்சிகள் அந்த வகை, விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்) 104. சீக்கிரம் இளகும். நார்டெல் மைனர் போன்ற சின்ன டார்ச்சில் இதை உருக்க நிமிடத்துக்கு 5 லிட்டர் போதும். ஆய்வகக் குடுவை செய்கிற போரோசிலிகேட் கண்ணாடி வேறு கதை. விரிவெண் 33, இளகவே அதிகச் சூடு கேட்கும். அதற்கு 10 லிட்டர் கான்சன்ட்ரேட்டரோ சிலிண்டரோ இல்லாமல் உட்கார வேண்டாம். ஆக்சிஜனே இல்லாமல் அறைக் காற்றை இழுத்து எரியும் ஹாட்ஹெட் டார்ச்சிலும் சோடா மணி செய்யலாம். ஆனால் கண்ணாடி மெதுவாகத்தான் இளகும், வெளிர் நிறங்களில் எளிதில் புகைக்கரி படியும். பழகிப் பார்க்க அது சரி.

சிலிண்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெல்டிங் பட்டறையில் நிற்கிற பெரிய டி-டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் எரித்தால் 23 மணி நேரம் வரும். தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரம்கூட முழுசாக ஓடாது. வடசென்னையில் நிரப்பித் தருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, மணலி பக்கப் பட்டறைகளுக்குப் போகிற வண்டியே நம் தெருவுக்கும் வரும். சிக்கல் மாடிப்படிதான். எங்கள் பக்கத்து வீடுகளின் குறுகலான படியில் அந்த இரும்பை ஏற்றுவது ஆபத்து. ஏற்றினாலும் நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் சுவரோடு கட்ட வேண்டும். வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிரீஸ் ஒரு துளி படக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு அதே கையோடு ஸ்பேனர் பிடிக்காதீர்கள்.

மாடியில் சோடா மணி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது கான்சன்ட்ரேட்டர். அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஜியோலைட் என்ற கனிமத் துகள் நிரப்பிய இரண்டு குழாய்களில் மாற்றி மாற்றி அழுத்தும். நைட்ரஜனை ஜியோலைட் பிடித்துக்கொள்ள, 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் வெளியே வரும். நிரப்ப வண்டி வர வேண்டியதில்லை. கொரோனா சமயத்தில், 2021 ஏப்ரலில் பெரும்பாலான தொழில்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தி மருத்துவமனைகளுக்குத் திருப்பியது. அன்று அதுதான் நியாயம், உயிர்தான் முக்கியம். அந்தச் சமயத்தில் வீடுகளில் வாங்கிய கான்சன்ட்ரேட்டர்கள் பல இன்று பரணில் கிடக்கின்றன, பாதி விலைக்கும் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் நோயாளிக்கு யாராவது தேடிக்கொண்டிருந்தால் முதலில் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். டார்ச்சுக்கு ஓட்டிய இயந்திரத்தை மறுபடி ஒருவர் மூச்சுக்குக் கொடுக்கவே கூடாது.

பழைய இயந்திரம் வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது வகை. தோளில் மாட்டுகிற சின்ன பேட்டரி இயந்திரங்களில் பல, மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரு கொத்து வாயு விடும். டார்ச் மூச்சு இழுக்காது, அது உதவாது. இரண்டாவது, "1 முதல் 7 லிட்டர்" என்று பெட்டியில் எழுதிய மலிவு இயந்திரங்கள். அவற்றில் பல, 1 லிட்டரில் 90 சதவீதம் காட்டிவிட்டு 7-க்குத் திருப்பினால் பாதிக்கும் கீழே போய்விடும். சுடர் சூடே ஏறாது. "5 லிட்டரிலும் 90 சதவீதத்துக்கு மேல்" என்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர். கையடக்க ஆக்சிஜன் அனலைசர் யாரிடமாவது இரவல் கிடைத்தால், 20 நிமிடம் ஓடவிட்டு, குமிழை 5-ல் வைத்து அளந்து பாருங்கள். போட்டவுடன் அளக்காதீர்கள், முதல் சில நிமிடங்களில் எல்லா இயந்திரமும் குறைவாகத்தான் காட்டும்.

அப்புறம் அழுத்தம். அதை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள். கான்சன்ட்ரேட்டர்களில் எவர்ஃப்ளோ மாடல் 5.5 பிஎஸ்ஐ அளவில் தரும், டெவில்பிஸ் 525 மாடல் ஏறக்குறைய 8.5 தரும். சின்ன டார்ச்சுக்கு இரண்டுமே போதும். ஆனால் ஹோஸ் நீளமாக இருந்தால் அந்தக் கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே கரையும், அதனால் ஹோஸைச் சின்னதாக வெட்டுங்கள். நோயாளிக்காக ஆக்சிஜனை ஈரமாக்க மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிட்டு நேராக இணையுங்கள், ஈர ஆக்சிஜன் டார்ச்சுக்கு வேண்டாம். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாக. விற்பனைக்குச் செய்கிறவர்கள் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும், வீட்டுச் சிலிண்டரில் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். அடுப்பு ரெகுலேட்டர் தருகிற அழுத்தம் போதாது. திருகி அளவு வைக்கிற ரெகுலேட்டரும், சுடர் ஹோஸுக்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரும் கட்டாயம். எல்பிஜிக்கு என்று விற்கும் ஹோஸ் வாங்குங்கள், அசிட்டிலின் ஹோஸ் எல்பிஜியில் நாளடைவில் உள்ளே கெட்டுப்போகும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு படுக்கும். அதனால் சிலிண்டர் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும்.

இனி சுடர். எல்பிஜி 5 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கட்டும். நம் ஊர் மீட்டர்கள் பெரும்பாலும் கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று) காட்டும், 5 பிஎஸ்ஐ என்றால் 0.35 கிலோ. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து என்றால் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 கிலோ. கான்சன்ட்ரேட்டர் என்றால் குமிழை 5-ல் வைத்துவிடுங்கள், மிச்சத்தை டார்ச் வால்வில் திருகுங்கள். டார்ச்சில் குறைக்கும்போது இயந்திரத்தின் அளவுக் குழாயில் மிதக்கும் பந்து கீழே இறங்கும், அது பழுது அல்ல.

முதலில் எல்பிஜியைக் கொஞ்சம் திறந்து ஸ்பார்க் லைட்டரால் பற்றவையுங்கள். மஞ்சளாக, சோம்பலாக எரியும். இப்போது ஆக்சிஜனை மெதுவாகத் திறந்தபடி டார்ச்சின் முகத்தைப் பாருங்கள். நீலக் கூம்புகள் வரிசையாக எழும். முதலில் நீளமாக, ஒன்றோடொன்று கலங்கி, நுனியில் மஞ்சள் காட்டும். இந்தச் சுடரில் எரிவாயு மிச்சம். இன்னும் திறந்தால் கூம்புகள் தனித்தனியாகப் பிரிந்து, கூர்மையாகி, நுனி மஞ்சள் மறையும். அங்கே நிறுத்துங்கள், அதுதான் நடுநிலை. அதையும் தாண்டினால் கூம்பு குட்டையாகி, சுடர் ஒல்லியாகிச் சீறும், ஆக்சிஜன் அதிகம். மீட்டர் என்ன சொன்னாலும் நான் நம்புவது கூம்பைத்தான். எல்பிஜி சிலிண்டர் தீரத் தொடங்கும்போதும் கூம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகமாக இருந்தால் கண்ணாடியிடம் கேளுங்கள். டர்க்காய்ஸ் நீலக் குச்சியில் செம்பு இருக்கிறது. எரிவாயு மிஞ்சிய சுடரில் காட்டினால் மேலே செங்கல் நிறத்தில் ஒரு படலம் படியும். வெள்ளையும் நிறமில்லாத கிளியரும் சாம்பல் பூத்தமாதிரி ஆகும். அப்படி வந்தால் ஆக்சிஜனைக் கால் திருகு கூட்டுங்கள், அல்லது எல்பிஜியைக் குறையுங்கள். நான் எல்பிஜியைக் குறைப்பேன், ஐந்து லிட்டர் இயந்திரத்தில் கூட்ட மிச்சம் இருக்காது. கிளியர் கண்ணாடி கொதித்துக் குமிழி விட்டால் ஆக்சிஜனைத் தொடாதீர்கள், கையைச் சுடரின் நுனிப்பக்கம் நகர்த்துங்கள். வெள்ளி கலந்த குச்சிகளுக்கு மட்டும், மணி முடிந்த பிறகு சில நொடிகள் வேண்டுமென்றே ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டுவோம், மேலே உலோகப் பளபளப்பு ஏறும்.

எங்கள் பகுதிக்கென்று சில கவனங்கள் உண்டு. காசிமேட்டு உப்புக் காற்று பித்தளை நட்டையும் விடாது, அதனால் மாதம் ஒருமுறை இணைப்புகளைப் பாருங்கள். எண்ணூர் பக்கத்துச் சாம்பல் தூசி இயந்திரத்தின் ஃபில்டரை அடைக்கும். வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் கடும் வெயில் சூட்டைத் தாங்காது. தகரக் கூரை அறையில் மே மாத மதியம் ஓட்டினால் ஆக்சிஜனின் தூய்மை குறைந்து இயந்திரத்தின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும், அந்த மாதத்தில் நான் காலையில்தான் வேலை செய்கிறேன். இயந்திரத்தின் வெந்த காற்று அறையிலேயே சுற்றாமல் ஜன்னல் திறந்திருக்கட்டும். டார்ச்சுக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், சுடரிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு நெஞ்சுக்குக் கெடுதல். பருத்தித் துணி போடுங்கள், நைலான் துப்பட்டா வேண்டாம்.

அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு எல்பிஜி. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் வால்வை மூடியபின் டார்ச்சைத் திறந்து ஹோஸில் மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாக வெளியேற்றி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் ரெகுலேட்டர் திருகைத் தளர்த்தி வையுங்கள்.